நாய் கடித்த பையன் ஜோம்பி ஆவானா?

கேள்வி: ஆட்டுப்பட்டிக்குள் புகுந்த தெருநாயை விரட்டப்போன என் மகனைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. சுண்ணாம்பு தடவி, கடி வைத்தியர் ஒருவரிடம் வேர்க் கசாயம் வாங்கிக் கொடுத்தோம். உப்பில்லாப் பத்தியம். நாலு நாளாக நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் ஜோம்பி படம் பார்த்துவிட்டு, “நானும் அப்படி எந்திரிச்சுத் தங்கச்சியைக் கடிச்சிருவனா?” என்று தூங்காமல் கிடக்கிறான். ஊசிக்கு நேரம் கடந்துவிட்டதா?
— வாசகி, வெள்ளகோவில்

பதில்: கடக்கவில்லை அம்மிணி. படிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மீதியை வரிசையில் நிற்கும்போது படிக்கலாம். அதற்கு நேரம் நிறையவே கிடைக்கும்.

படத்து வைரஸும் நிஜமான வெறிநோயும் (ரேபிஸ்) எச்சிலில் இருப்பது, கடியால் தொற்றுவது, மூளையைப் பிடிப்பது வரை ஒன்றுபோலத்தான். ஆனால் படத்தில் கடிபட்டவன் நிமிடத்தில் எழுந்து பாய்கிறான். வெறிநோய்க் கிருமி நரம்பைப் பிடித்து மெதுவாக மேலேறும். பெரும்பாலும் 2, 3 மாதம்; சிலருக்கு ஒரு வாரத்திலேயே கூட. மூளையைத் தொட்டபின் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும், குரல் கரகரக்கும். அதைத்தான் ‘குரைக்கிறான்’ என்கிறார்கள். அந்த நிலை வந்தால் அநேகமாகச் சாவுதான். செத்தவர் எழுவதில்லை. மனிதர் கடித்து மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியானதும் இல்லை. தங்கச்சி பக்கத்திலேயே படுக்கட்டும்.

எனக்குப் பயம் அந்த அமைதியான நாட்களைப் பற்றித்தான். கடிக்கிற நாயெல்லாம் வெறிநாய் இல்லை. வெறிநாயே கடித்திருந்தாலும் வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. இந்த இரண்டிலும்தான் கடி வைத்தியர் பேர் வாங்குகிறார். “பாருங்க, பையன் ஜம்முனு இருக்கறான்” என்பார். எந்தக் கசாயமும் குடிக்காவிட்டாலும் நாலாம் நாள் அப்படித்தான் இருப்பான். பத்தியத்தை இன்றே விடுங்கள். சுண்ணாம்பைக் கழுவி எடுத்து, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தை அலசுங்கள். கடித்தவுடனே செய்திருக்க வேண்டியது, இப்போதும் செய்யலாம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பாட்டி பயமுறுத்துவார். அது பழைய கதை. இப்போது கையில்தான்: போட ஆரம்பிக்கிற நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள். அரசு மருத்துவமனையில் காசில்லை. ரத்தம் வந்த கடி என்பதால் காயத்துக்குள்ளேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டும். முதல் ஊசி போட்டு 7 நாளுக்குள். நீங்களாகவே கேளுங்கள், கேட்காமல் நகராதீர்கள். மலைமேல் குன்னூரில் 1907இலேயே வெறிநாய்க்கடி மருந்துக்கென்று பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது. கீழே நம் ஊர்களில் இன்னமும் “அந்த மருந்து இங்கே இல்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க” என்று சீட்டெழுதித் தருகிறார்கள். அங்கே போனால் “மத்தியானம் வாங்க”. இந்த அலைச்சலில்தான் கேட்டுக்கு வெளியே நிற்கிற ஆள் உள்ளே வருகிறான்: “நான் வாங்கித் தரேனுங்க, வெளியே விலை ஜாஸ்தி.” வாங்காதீர்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டிய மருந்து, அவன் வண்டி டேங்க் கவரில் வெயிலோடு வந்தால் அதற்கு என்ன உத்தரவாதம்?

“நாயைப் பத்து நாள் பார்த்துட்டுப் போடலாம்” என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு விலக்கு உண்டு, ஆனால் அது ஊசியைத் தள்ளிப்போட அல்ல, ஆரம்பித்த ஊசியை நிறுத்த. நாய்க்கும் பூனைக்கும் மட்டும். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது தின்று குடித்து நன்றாக இருக்கவேண்டும். அப்போதும் மிச்ச ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். கடித்த அதே நாயாக இருக்கவேண்டும், அதே செவலை நிறத்தில் இன்னொன்று அல்ல. கட்டிப்போட்ட வளர்ப்பு நாய் என்றால் சரி. உங்களுடையது தெருநாய், எங்கே போனதோ! ஊரார் அதை அடித்துக் கொன்றிருந்தால் பார்க்க நாயே இல்லை. ஆகவே இந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது.

சீட்டைத் தொலைக்காதீர்கள். மூன்று ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. 28ஆம் நாளைக் காலண்டரில் இப்போதே சுழித்து வையுங்கள்.