புகைபோக்கியும் சம்பளப் பட்டியலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காற்று மாசு விதிகளைக் கடுமையாக்கலாமா என்ற விவாதத்தில் எனக்கு ஒரு தடுமாற்றம். தொழில்துறைச் சங்கத்தின் அறிக்கை லட்சக்கணக்கில் வேலை போகும் என்கிறது. சூழலியல் அமைப்பின் அறிக்கை அதே விதியால் லட்சக்கணக்கில் வேலை உருவாகும் என்கிறது. இரண்டிலும் அட்டவணைகள், இரண்டிலும் பேராசிரியர்கள். தொழிற்சங்கக்காரரான என் நண்பர், "முதலில் வயிறு, அப்புறம் மூச்சு. வசதி வந்த பிறகு காற்றைச் சுத்தம் பண்ணிக்கொள்ளலாம்" என்கிறார். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை, ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. இரண்டையும் எப்படி எடைபோடுவது?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவர் சொல்லும் தீர்வில்தான் இல்லை. நீங்கள் படித்த இரண்டு அறிக்கைகளும் அவருடைய பயத்தைத் தொடவே இல்லை என்பது என் எண்ணம். முதலில் அந்த அறிக்கைகளை முடித்துவிடுகிறேன்.

'வேலை போகும்' என்பவர்கள் அடிக்கடி காட்டும் ஆதாரம் பொருளாதார அறிஞர் மைக்கேல் கிரீன்ஸ்டோனின் 2002ஆம் ஆண்டு ஆய்வு. அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்தையும் காற்றுத்தர அளவுகோலை எட்டியது, எட்டாதது என்று பிரிக்கிறது. எட்டாத மாவட்டங்களுக்குக் கடுமையான விதிகள். 1972 முதல் 1987 வரையான காலத்தில், எட்டாத மாவட்டங்களின் மாசு மிகுந்த தொழில்களில், எட்டிய மாவட்டங்களோடு ஒப்பிட்டால் சுமார் 5,90,000 வேலைகள் குறைந்தன என்று அவர் கணக்கிட்டார். 'ஒப்பிட்டால்' என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஓர் ஆலை இந்த மாவட்டத்தில் மூடி அடுத்த மாவட்டத்தில் திறந்தால், இங்கே 100 குறையும், அங்கே 100 கூடும், வித்தியாசம் 200 என்று வரும். நாட்டளவில் போனது பூஜ்யம். இடம்பெயர்ந்தது எவ்வளவு, அடியோடு போனது எவ்வளவு என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. கிரீன்ஸ்டோனே அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

எதிர்த்தரப்பின் தவறு இன்னும் சுவாரசியமானது. வடிகட்டி பொருத்த 1,000 பேர் இரண்டு ஆண்டு வேலை செய்தால் அது 2,000 ஆள்-ஆண்டுகள். அறிக்கையின் சுருக்கத்தில் அது '2,000 வேலைகள்' ஆகிவிடும். அதைவிட அடிப்படையான கோளாறு, அந்த 1,000 பேரின் கூலி விதியால் வரும் நன்மை அல்ல, விதிக்கு ஆகும் செலவு. அதே காற்றுச் சுத்தத்தை 500 பேரை வைத்துச் செய்ய முடிந்தால் அதுதான் நல்ல விதி. நாடு முழுக்க வேலையில்லாமல் பலர் சும்மா இருக்கும் மந்தக் காலத்தில் மட்டும் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் உயிர் உண்டு. தூய காற்றை ஆதரிப்பவர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது தேவையற்ற பலவீனம்.

அறிக்கை இல்லாமல் நீங்களே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஆண்டுக்கு 1,000 கோடி விற்றுமுதலும் 2,000 தொழிலாளர்களும் உள்ள ஓர் ஆலை. கருவிகளுக்கு 100 கோடி. செய்தியில் வருவது இந்த 100தான். ஆனால் கருவி 20 ஆண்டு உழைக்கும், வட்டி 8 சதவீதம் என்றால் ஆண்டுச் சுமை ஏறக்குறைய 10.2 கோடி. மின்சாரம், உதிரி, ஆள் என்று இன்னும் 5 கோடி சேர்த்தால் 15 கோடி, அதாவது விற்றுமுதலில் ஒன்றரை சதவீதம். அதை முழுக்க விலையில் ஏற்றினால், விலை 1 சதவீதம் ஏறும்போது விற்பனை அரை சதவீதம் குறையும் சரக்காக இருந்தால், உற்பத்தி 0.75 சதவீதம் சரியும். 2,000 பேரில் 15 பேர். ஓய்வு பெறுவதாலும் தாமாக விலகுவதாலும் ஓராண்டில் குறைபவர்கள் பெரும்பாலும் இதைவிட அதிகம். ஒழுங்குமுறையால் நாட்டளவில் வேலை பெரிதாகக் குறைவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்வதற்கு இதுதான் காரணம். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் தொழிற்சாலைகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் பெர்மனும் புய்யும் 2001இல் கண்டதும் அதுவே. அமெரிக்காவிலேயே மிகக் கடுமையான விதிகள் இருந்தும் அங்கே குறிப்பிடத்தக்க வேலை இழப்பு இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு உங்கள் நண்பரைச் சமாதானப்படுத்தாது, படுத்தவும் கூடாது. 0.75 சதவீதம் என்பது எல்லா ஆலைகளுக்கும் பரவிய சராசரி. நடைமுறையில் ஒவ்வோர் ஆலையிலிருந்தும் பதினைந்து பதினைந்து பேராக யாரும் போவதில்லை. வெளிநாட்டுச் சரக்கோடு மோதுவதால் விலையை ஏற்ற முடியாத ஆலை, ஏற்கெனவே லாபம் மெலிந்த ஆலை, இன்னும் ஐந்து ஆண்டில் எப்படியும் இழுத்து மூட வேண்டிய பழைய சூளை, இவைதான் ஒட்டுமொத்தமாக மூடும். இப்படிப்பட்ட 133 ஆலைகளில் 132இல் ஒருவருக்கும் எதுவும் ஆகாது. மிச்சமுள்ள ஒன்றில் 2,000 பேரும் ஒரே மாதத்தில் தெருவுக்கு வருவார்கள், அதுவும் எல்லோரும் ஒரே ஊரில்.

இதை ஆளாளாகப் பின்தொடர்ந்து அளந்தவர் பொருளாதார அறிஞர் ரீட் வாக்கர். தூய காற்றுச் சட்டத்தின் 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தால் புதிதாகக் கட்டுப்பாட்டுக்குள் வந்த துறைகளின் தொழிலாளர்களை எடுத்துக்கொண்டார். 2013இல் வெளியான அவரது முடிவு: சராசரித் தொழிலாளி இழந்த மொத்த வருமானம், விதி வருமுன் அவர் ஓராண்டில் சம்பாதித்ததில் 20 சதவீதத்துக்கும் மேல். இதுவும் சராசரிதான். அதே நிறுவனத்தில் தங்கியவர்களுக்கு இழப்பு மிகக் குறைவு, வெளியேற நேர்ந்தவர்கள்தான் ஏறக்குறைய முழுப் பாரத்தையும் சுமந்தார்கள். வேலை தேடிய காலத்தில் கொஞ்சம், கிடைத்த புது வேலையில் குறைந்த சம்பளமாகக் கொஞ்சம். இருபது வருடம் சூளை ஓட்டிய கையின் அனுபவத்துக்குக் கிடங்குக் காவல் வேலையில் விலை இல்லையே. எல்லோருடைய இழப்பையும் கூட்டினால் சுமார் 540 கோடி டாலர். அதே திருத்தத்தின் நன்மையாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011இல் மதிப்பிட்டது, 2020ஆம் ஆண்டு ஒன்றுக்கு மட்டும், சுமார் 2 லட்சம் கோடி டாலர். செலவு 6,500 கோடி.

அந்த 2 லட்சம் கோடியை அப்படியே விழுங்க வேண்டாம். அதில் பெரும்பகுதி நுண்துகள் குறைந்ததால் தவிர்க்கப்பட்ட அகால மரணங்களுக்குப் போட்ட மதிப்பு. ஓர் உயிருக்கு என்ன எண் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் 20,000 கோடி, செலவைப் போல மூன்று மடங்கு. ஆனால் மொத்தச் சட்டம் லாபம் என்பதால் அதன் கீழ் வரும் ஒவ்வொரு விதியும் லாபம் என்று ஆகாது. மின் நிலையங்களின் பாதரச விதியைப் பாருங்கள். ஆண்டுச் செலவு 960 கோடி டாலர். பாதரசம் குறைவதால் மட்டும் வரும் நன்மையாக மதிப்பிட முடிந்தது 40 முதல் 60 லட்சம் டாலர். அதே கருவிகள் நுண்துகளையும் பிடிப்பதால் கிடைக்கும் உபரி நன்மையோ 3,700 கோடி முதல் 9,000 கோடி டாலர். செலவைப் பார்க்காமலே விதியைத் தொடங்கியது தவறு என்று 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. உபரி நன்மையைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் கட்சி. நுரையீரலுக்கு விதியின் தலைப்பு தெரியாது.

இப்போது 'முதலில் வயிறு'. மாசு வேலையைக் காப்பாற்றுகிறது என்று கொண்டால்தான் அந்த வாதம் நிற்கும். மெக்சிகோ நகரின் அஸ்காபொட்சால்கோ சுத்திகரிப்பு ஆலை 1991இல் மூடப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் கந்தக டை ஆக்சைடு சுமார் 20 சதவீதம் குறைந்தது. ரெமா ஹன்னாவும் பவுலினா ஒலிவாவும் அங்கே குடியிருந்தவர்கள் வேலை செய்த நேரத்தைப் பார்த்தார்கள். வாரத்துக்கு 1.3 மணி நேரம் கூடியிருந்தது. காய்ச்சலும் இருமலுமாகப் படுத்த குழந்தைக்காக வீட்டில் தங்கிய நேரமும் தானே படுத்த நேரமும் வேலைக்குத் திரும்பியிருக்கிறது. ஆலைக்குள் வேலை இழந்தவருக்கு இது ஆறுதல் அல்ல. ஆனால் அவருடைய இழப்புக்கு ஒரு பட்டியலும் ஒரு சங்கமும் உண்டு. ஒன்றேகால் மணி நேரக் கூலி கூடிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது ஏன் கூடியது என்றே தெரியாது, ஆகவே அவர்கள் சார்பில் யாரும் கூட்டத்துக்கு வருவதில்லை. 'வசதி வந்த பிறகு' என்பதிலும் ஒரு சிக்கல். புகைக்குழாய்க்கும் விசிறிக்கும் இடம் விட்டு ஆலை கட்டும்போதே வடிகட்டி வைப்பது மலிவு. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் பிற்பாடு இடம் குடைந்து, உற்பத்தியை நிறுத்தி, பொருத்துவது எப்போதும் கூடுதல் செலவு.

வேலையைக் காப்பாற்றுவதற்கென்றே காற்று விதி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குச் சுரங்கங்களில் கந்தகம் மிகுந்த நிலக்கரி, மேற்கே வயோமிங்கில் கந்தகம் குறைந்தது. 1977 திருத்தமும் அதையொட்டி 1979இல் வந்த விதியும், புதிய மின் நிலையம் எந்த நிலக்கரியை எரித்தாலும் கந்தகத்தில் 70 முதல் 90 சதவீதம் நீக்கியாக வேண்டும் என்றன. அதாவது புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவிக் கந்தகத்தைப் பிடிக்கும் ஸ்க்ரப்பர் கட்டாயம். எப்படியும் ஸ்க்ரப்பர் என்றான பிறகு தொலைதூர நிலக்கரியை எதற்கு வரவழைக்க வேண்டும்? கிழக்குச் சுரங்கங்கள் பிழைத்தன. ஸ்க்ரப்பர் சும்மா ஓடுவதில்லை. ஒரு டன் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கக் குறைந்தது 1.56 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும், கடைசியில் 2.7 டன் ஜிப்சம் வந்து குவியும், நிலையத்தின் மின்சாரத்தில் 1 முதல் 2 சதவீதத்தை அதுவே தின்னும். இத்தனையும் புதிய நிலையங்களுக்கு மட்டும். பழையவற்றுக்கு விலக்கு. விளைவு, புதிதாகக் கட்டுவதை விட்டுப் பழைய நிலையங்களையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். விலக்கு யாருக்குத் தரப்பட்டதோ அவர்களே ஆகப் பெரிய மாசுக்காரர்களாக நீடித்தார்கள்.

1990இல் இதைத் தலைகீழாக்கினார்கள். மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு, டன்னுக்கு ஓர் உரிமம், உரிமத்தை விற்கலாம், வாங்கலாம். எப்படிக் குறைப்பது என்பது உங்கள் பாடு. பலர் வயோமிங் நிலக்கரிக்கு மாறினார்கள், ரயில் கட்டணமும் அதற்குள் குறைந்திருந்தது. முன்கூட்டிப் பயமுறுத்தியதைவிட மிகக் குறைந்த செலவில் காரியம் முடிந்தது. கிழக்குச் சுரங்கத் தொழிலாளிகள்தான் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களுக்கு இழப்பீடு கேட்டு செனட்டர் ராபர்ட் பேர்ட் கொண்டுவந்த திருத்தம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

விதி எதை அளக்கிறது என்பதும் செலவைத் தீர்மானிக்கும். புகையைத் துணிப் பைகள் வழியே இழுத்துத் தூசைப் பிடிப்பது பை வடிகட்டி. 'பை வடிகட்டி வைத்திருக்க வேண்டும்' என்று எழுதினால் வடிகட்டி இருக்கும், ஓடாது. மணிக்கு ஒரு லட்சம் கன மீட்டர் புகை, பைகளைத் தாண்டும்போது 150 மில்லிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் குறைகிறது என்று வையுங்கள். அதை இழுக்க மட்டும் விசிறிக்கு 60 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும், ஆண்டுக்கு ஐந்து லட்சம் யூனிட். புகையைப் பைகளுக்குள் விடாமல் நேரே வெளியே அனுப்பும் பைபாஸ் டேம்பர் என்ற கதவைத் திறந்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம், அதுவும் இரவு ஷிஃப்டில். கெட்ட எண்ணமே இல்லாத இடத்திலும் கெடும். மலிவான பாலியெஸ்டர் பை 130 டிகிரிக்கு மேல் தாங்காது. கந்தகம் உள்ள புகையோ 120ஐ ஒட்டிய சூட்டுக்குக் கீழே போனால் அமிலமாக வியர்க்கும். பையின் மேல் படிந்த தூசு சேறாகி அடைக்கும், அழுத்தம் எகிறும், காற்றடித்து உதறினாலும் உதிராது. ஆலையை நிறுத்தி நிறுத்தி ஓட்டுபவர்களுக்கு ஆறே மாதத்தில் பை போய்விடும். ஒளிரும் பொடியை உள்ளே விட்டு, புறஊதா விளக்கடித்து, எந்தப் பை கிழிந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஃபிட்டர் ஒருவர் இருந்தால் ஓட்டைப் பையை மட்டும் மாற்றினால் போதும். ஆகவே கருவியைக் கேட்காமல் புகைபோக்கி முனையில் வெளிவரும் அளவைக் கேட்கும் விதியே ஆலைக்கும் மலிவு, ஊருக்கும் நல்லது. சூரத்தில் 2019இல் தொடங்கிய நுண்துகள் உரிமச் சந்தை அப்படித் தொடர்ந்து அளந்துதான் நடந்தது. உமிழ்வு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது, குறைப்பதற்கான செலவும் இறங்கியது.

எனவே உங்கள் நண்பர் சண்டை போட வேண்டிய இடம் வேறு. விதியை எதிர்த்தால் அவருடைய ஆட்களுக்குக் கிடைப்பது, பழைய ஆலை மூடும்வரை இன்னும் சில ஆண்டுகள். மூடும்போது கையில் ஒன்றும் இருக்காது. விதி வருமுன்பே, அதே அரசாணையில், அவர் கேட்க வேண்டியவை உண்டு. கருவி பொருத்த இரண்டு மூன்று ஆண்டு எப்படியும் தேவை, அந்தக் கெடு முதல் நாளிலேயே அறிவிக்கப்பட வேண்டும், பிறகு தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போகும் கெடுவை நம்பிப் பணம் போட்ட முதலாளி நஷ்டப்படுவார், போடாதவர் பிழைப்பார். மூடப்போகும் ஆலை எது என்பதை அந்த இடைவெளியில் சொல்லிவிட வேண்டும். ஓய்வுக்கு நான்கைந்து ஆண்டு இருப்பவர்களுக்கு அதுவரை பாதிச் சம்பளத்துக்குக் குறையாத இணைப்புத் தொகை. மற்றவர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழைவிடச் சம்பளக் காப்பீடு மேல்: புது வேலையின் சம்பளம் குறைவாக இருந்தால் வித்தியாசத்தில் பாதியை அரசு தரும். இறக்குமதியால் வேலை இழந்த 50 வயதைத் தாண்டிய அமெரிக்கத் தொழிலாளிகளுக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் இதை இரண்டு ஆண்டுகளுக்கு, மொத்தம் 10,000 டாலர் வரை கொடுத்தது. வாக்கரின் கணக்கைப் பார்த்தால் இரண்டு ஆண்டு போதாது, ஐந்து கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.