பூனையின் சர்க்கரை ஏறி இறங்குகிறது: புது மீட்டர் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஒன்பது வயதுப் பூனைக்கு நான்கு மாதமாகக் காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறோம். அப்பாவுக்கு வாங்கிய குளுக்கோமீட்டரில் பார்த்தால் ஒரு நாள் 90, மறுநாள் 370. கால்நடை மருத்துவரிடம் வேறு எண் வருகிறது. விலங்குகளுக்கென்றே விற்கும் மீட்டரை வாங்க வேண்டுமா? மலிவான சிரிஞ்சுகளை மொத்தமாக வாங்கி வைக்கலாமா? கார்போஹைட்ரேட் குறைந்த உணவுக்கு மாற்றலாமா?

பதில்: மீட்டர் இருக்கட்டும், முதலில் சிரிஞ்சைப் பாருங்கள். இன்சுலின் குப்பியில் யு-40 என்றோ யு-100 என்றோ அச்சிட்டிருக்கும்; ஒரு மில்லியில் எத்தனை யூனிட் இன்சுலின் என்பதே அந்த எண். அதே எண் சிரிஞ்சிலும் இருந்தாக வேண்டும். யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 5 யூனிட். பூனையின் உயிருக்கே ஆபத்து. தலைகீழாக மாறினால் 2 யூனிட்டுக்குப் பதில் 0.8 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்கவே இறங்காது. மலிவு என்று வாங்கும் சிரிஞ்சு பாக்கெட்டில் எண் மாறியிருந்தால் இந்த விபரீதம் வீட்டிலேயே நடக்கும். எண் பொருந்தினால் தாராளமாக மொத்தமாக வாங்குங்கள். யு-100 இன்சுலின் என்றால் அரை யூனிட் கோடுகள் உள்ள 0.3 மில்லி சிரிஞ்சைக் கேளுங்கள். பூனைக்குப் போடுவதே ஓரிரு யூனிட். அதில் அரை யூனிட் பிசகினாலும் பெரிய வித்தியாசம்.

இனி மீட்டர். மனித ரத்தத்தில் குளுக்கோஸ் சிவப்பணுக்களுக்குள்ளும் கணிசமாக இருக்கிறது. பூனை ரத்தத்தில் அதன் பெரும்பகுதி பிளாஸ்மா என்ற திரவப் பகுதியிலேயே இருக்கிறது. அதனால் மனித ரத்தத்தின் கணக்குப்படி அமைத்த மீட்டர் பூனைக்குப் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். மருத்துவர் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம். கையில் வசதி இருந்தால் விலங்குகளுக்கான மீட்டரை வாங்குங்கள். ஆனால் வாங்குமுன் அதற்கான ஸ்ட்ரிப்பின் விலையையும் அது தடையின்றிக் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். மீட்டர் ஒருமுறைச் செலவு, ஸ்ட்ரிப்தான் மாதாமாதம் பணத்தைத் தின்னும். முடியாவிட்டால் இருப்பதையே வைத்துக்கொள்ளலாம். எந்த மீட்டரில் எடுத்த எண் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு மீட்டர்களின் எண்களை மட்டும் ஒரே பட்டியலில் கலக்க வேண்டாம்.

90, 370 இரண்டையும் எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று எழுதவில்லையே! ஊசி போட்டுச் சில மணி நேரத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு வந்து, அடுத்த ஊசி நெருங்கும்போது மறுபடி ஏறும். அதோடு, பயந்துபோன பூனைக்குச் சர்க்கரை தானாகவே எகிறும். மருத்துவமனைக் கூண்டில் எடுத்த எண் பெரிதாக இருப்பதில் வியப்பில்லை. ஆகவே 370-ஐப் பார்த்த பதற்றத்தில் நீங்களாக டோஸைக் கூட்டவே கூடாது. ஒரு நாள் காலை ஊசிக்கு முன் தொடங்கி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறையாக 12 மணி நேரம் அளந்து, நேரத்தோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். காது மடலை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டு ஓரத்தில் குத்தினால் ஒரு துளி எளிதாக வரும். குத்தியதும் பூனைக்குப் பிடித்ததை ஒரு வாய் கொடுங்கள்; நாளடைவில் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உணவு மாற்றம் நல்ல யோசனைதான். உலர் தீனியைவிட டின்னில் வரும் ஈர உணவு பலவற்றில் கார்போஹைட்ரேட் குறைவு. சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலைகூட வருவதுண்டு. அதனாலேயே மருத்துவரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறைந்து பழைய டோஸே தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். பூனை தள்ளாடினாலோ, துவண்டு விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ ஈறுகளில் தேனோ சர்க்கரைப் பாகோ தடவி உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.