பவளத் தொட்டியின் சூடும் குளிரும்: கேள்வி பதில்

வீட்டில் பவளம் வளர்ப்பவர்கள் வெப்பநிலை பற்றிக் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இவை. எல்லா அளவுகளும் செல்சியஸில்.

கேள்வி: சார், என் தொட்டியில் காலையில் 25.2 டிகிரி. இரவு விளக்கு அணையும்போது 26.3. தினமும் ஒரு டிகிரி ஏறி இறங்குகிறது. இரண்டு மாதமாக இதே கவலை. எப்படி நிறுத்துவது?

நிறுத்த வேண்டாம். கடலிலேயே இது நடக்கிறது. கடல்மட்டம் இறங்கும்போது ஆழமில்லாத பவளத்திட்டு சூடாகும், ஏறும்போது குளிரும். அமெரிக்கச் சமோவாவின் ஒஃபு தீவில் பவளம் வளரும் கடற்குட்டைகள் உண்டு. அவற்றில் சிலவற்றில் ஒரே நாளில் 6 டிகிரி வரை மாறும், உச்சம் 34-ஐத் தாண்டும். அந்தப் பவளங்கள் பிழைத்திருக்கின்றன. அவை தலைமுறை தலைமுறையாக அங்கே பழகியவை, அதனால் நம் தொட்டிக்கு அதே அளவைப் பொருத்தக் கூடாது. ஆனால் ஒரு டிகிரி ஊசலுக்குப் பவளம் செத்துவிடாது என்பதற்கு அது போதும்.

நீங்கள் பயப்பட வேண்டியது உச்சத்துக்கும், அந்த உச்சம் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதற்கும்தான். அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா (NOAA), கடலில் பவளம் வெளுப்பதை முன்கூட்டிக் கணிக்கும் முறையும் இதுதான். ஓரிடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிடத் தண்ணீர் எத்தனை டிகிரி கூடியது, எத்தனை வாரம் அப்படியே நின்றது என்று பார்த்து, வாரா வாரம் கூடிய டிகிரிகளைக் கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டல் 4-ஐத் தொட்டால் வெளுப்பை எதிர்பார்க்கலாம். 8-ஐத் தொட்டால் பரவலாக வெளுக்கும், சாவும் தொடங்கும். ஆக, 26.3 வரை போய்த் திரும்பும் உங்கள் தொட்டியைவிட, ஆடாமல் அசையாமல் 29.5-இல் மூன்று வாரம் நிற்கும் தொட்டிதான் எனக்குக் கவலை தரும்.

கேள்வி: எந்த அளவில் வைப்பது நல்லது?

25 முதல் 26 வரை. 28-இலும் பவளம் வளரும், சில வேகமாகவே வளரும். ஆனால் அங்கிருந்து ஆபத்துக்கு இரண்டு டிகிரிதான் இடைவெளி. ஒரு மின்விசிறி நின்றாலே அந்த இடைவெளி போய்விடும். 25.5-இல் இருப்பவருக்கு ஆபத்தைக் கவனித்துச் சரிசெய்ய சில மணி நேரம் கிடைக்கும்.

கேள்வி: அண்ணா, வெயில் காலத்தில் என் 200 லிட்டர் தொட்டி 29.5 வரை போகிறது. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கித்தான் ஆக வேண்டுமா, ஃபேன் போதுமா?

முதலில் உள்ளே எவ்வளவு சூட்டை நீங்களே போடுகிறீர்கள் என்று பாருங்கள் தம்பி. தண்ணீருக்குள் ஓடும் பம்ப் எத்தனை வாட் எடுக்கிறதோ, அத்தனையும் கடைசியில் தண்ணீரில் சூடாகத்தான் முடிகிறது. 200 லிட்டர் கடல்நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 820 கிலோஜூல் வேண்டும். 60 வாட் பம்ப் நான்கு மணி நேரத்துக்குள் அவ்வளவையும் கொடுத்துவிடும். பழைய பம்ப்பை எடுத்துவிட்டுக் குறைந்த வாட்டில் ஓடும் டி.சி. பம்ப் போட்டதிலேயே ஒரு டிகிரி இறங்கிய தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். தொட்டிக்கு மூடி இருந்தால் அதைக் கழற்றிவிட்டு வலை போடுங்கள்.

அடுத்தது ஃபேன். அது காற்றைக் குளிர்விப்பதில்லை, தண்ணீரை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2400 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகும். உங்கள் தொட்டிக்கு அது கிட்டத்தட்ட 3 டிகிரிக்குச் சமம். அறைச் சூடு ஒரு பக்கம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் முழு 3 டிகிரியும் இறங்காது, ஆனாலும் பலன் கண்ணுக்குத் தெரியும். பெரிய தொட்டிக்குக் கீழே ஹீட்டர், பம்ப் எல்லாம் இருக்கும் சின்னத் தொட்டிதான் சம்ப். அந்தச் சம்ப்புக்கு மேலே, நீர்ப்பரப்பைத் தடவிப் போகிற மாதிரி ஃபேனைச் சாய்த்து வையுங்கள்.

இதில் கவனிக்க இரண்டு உண்டு. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே நிற்கும். நாளுக்கு 4 லிட்டர் ஆவியாகி மூன்று நாள் ஈடு செய்யாமல் விட்டால், ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பளவு 37-ஐத் தாண்டிவிடும். சூட்டுக்குத் தப்பிய பவளம் உப்பில் மாட்டிக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் இல்லாமல் ஃபேன் வைக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. ஈடு செய்வது நல்ல தண்ணீரால், உப்புத் தண்ணீரால் அல்ல. இன்னொன்று, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் குறையும், ஃபேன் சுற்றும், சூடு இறங்காது. அப்படிப்பட்ட அறையில்தான் சில்லர் அவசியம். சில்லரை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அது அங்கேயே கக்கி, அதையே திரும்ப இழுத்துக்கொண்டு திணறும்.

கேள்வி: 300 வாட் ஹீட்டர் ஒன்று போதுமா, சிறியதாக இரண்டு போடலாமா?

இரண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் தொட்டியில் நான் இழந்ததில் பெரும்பகுதி ஹீட்டரால்தான்.

ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் ஒரு நாளில் பலமுறை இணைந்து பிரிகிறது. வருடக்கணக்கில் அப்படி உழைத்த தொடுமுனை ஒருநாள் ஒட்டிக்கொண்டுவிடும். அப்போது ஹீட்டர் அணையவே அணையாது. 200 லிட்டரில் 300 வாட் ஒட்டிக்கொண்டால், வெளியே போகும் சூட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 1.3 டிகிரி ஏறும். நீங்கள் தூங்கி எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதுவே 100 வாட்டில் இரண்டு இருந்து ஒன்று ஒட்டினால் மணிக்கு அரை டிகிரிக்கும் குறைவு. தண்ணீர் சூடாகச் சூடாக அறைக்குப் போகும் சூடும் கூடுவதால் அந்த ஏற்றமும் மெதுவாகும். ஒன்று ஒட்டாமல் செத்துப்போனாலும், மற்றது தொட்டியை உறையவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

அதோடு வெளியே, தண்ணீரில் போட்ட சென்சர் படிக்கும் சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஓட்டி நிறுத்தும் கண்ட்ரோலர் ஒன்றும் வேண்டும். கண்ட்ரோலரை 25.5-க்கு வையுங்கள். ஹீட்டரின் சொந்தத் திருகை 27-க்கு வையுங்கள். கண்ட்ரோலர் தவறினால் ஹீட்டர் நிறுத்தும், ஹீட்டர் ஒட்டினால் கண்ட்ரோலர் நிறுத்தும்.

இவ்வளவும் செய்திருந்தவன்தான் நான், ஒன்றைத் தவிர. ஹீட்டர் திருகை உச்சத்தில் வைத்துவிட்டு, கண்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தேன். ஒரு மாலை சம்ப்பைத் துடைத்தபோது சென்சர் வயர் நழுவி வெளியே தொங்கியது, நான் பார்க்கவில்லை. சென்சர் அறைக் காற்றின் 22 டிகிரியைப் படித்தது, கண்ட்ரோலர் விடாமல் ஹீட்டரை ஓட்டியது. காலையில் தண்ணீர் 33. நான்கு வருடம் வளர்த்த அக்ரோபோரா பவளங்கள் எல்லாம் இரண்டு நாளில் சதை உரிந்து போயின. அன்றிலிருந்து சென்சரை உறிஞ்சுகுப்பியை நம்பி விடுவதில்லை. இரண்டு இடத்தில் கட்டி, நீர்மட்டம் எவ்வளவு இறங்கினாலும் மூழ்கியே இருக்கும்படி வைக்கிறேன்.

கேள்வி: ஹீட்டர் சம்ப்பில் இருக்கிறது. சென்சரை மேலே தொட்டியில் வைக்கலாமா?

வேண்டாம், ஹீட்டர் இருக்கும் சம்ப்பிலேயே வையுங்கள். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றால் மேல் தொட்டி குளிரும். சென்சர் மேலே இருந்தால் ‘இன்னும் குளிர்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும், கீழே சம்ப்பில் இருக்கும் கொஞ்சம் தண்ணீர் வெந்துபோகும். பம்ப் திரும்ப ஓடியதும் அந்த வெந்நீர் நேராகப் பவளத்தின் மேல் விழும். மேல் தொட்டிக்குத் தனியாக ஒரு தெர்மாமீட்டர் போதும், பார்ப்பதற்கு மட்டும்.

கேள்வி: மூன்று தெர்மாமீட்டர், மூன்று கணக்கு. எதை நம்புவது?

ஐஸை நன்றாக நொறுக்கி ஒரு டம்ளரில் நிரப்பி, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சில நிமிடம் கழித்து அது 0 டிகிரி. ஒவ்வொன்றும் அங்கே எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில், 37 பக்கம், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். இரண்டு முனையிலும் சரியாக இருப்பது நடுவில் 25-இலும் சரியாகத்தான் இருக்கும். இரு முனையிலும் ஒரே அளவு விலகினால் அந்த விலகலை எழுதி ஒட்டிவிட்டுப் பயன்படுத்தலாம்.

கேள்வி: சில்லரும் ஹீட்டரும் மாறி மாறி ஓடுகின்றன. கரண்ட் பில் எகிறுகிறது.

இரண்டின் அளவையும் மிக நெருக்கமாக வைத்திருக்கிறீர்கள். ஹீட்டர் 25.5-இல் நிற்கட்டும், சில்லர் 27-க்குத் தொடங்கட்டும். நடுவில் தொட்டி தன் போக்கில் ஆடட்டும்.

கேள்வி: ஆறு மணி நேரம் கரண்ட் போனால் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஐஸ் போடலாமா?

முதலில் காற்று, பிறகுதான் சூடு. 25 டிகிரி கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30-இல் 6.2 தான். சூடு கூடும்போது மீனும் பவளமும் பாக்டீரியாவும் மூச்சுக்கு அதிகம் கேட்கும். அலையடிப்பு நின்ற தொட்டியில் முதலில் சாவது மீன். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை எப்போதும் சார்ஜில் வையுங்கள்.

ஐஸை நேராகப் போடாதீர்கள், உப்பளவு குறையும். மூடிய பாட்டிலில் உறைய வைத்து மிதக்க விடுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் முழுதாக உருகினால் 200 லிட்டரில் அரை டிகிரி குறையும். அரை மணிக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். குளிர்காலமாக இருந்தால் தொட்டியைச் சுற்றிப் போர்வை போர்த்துங்கள், மேல்பக்கம் மட்டும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும்.

கேள்வி: தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டுமா?

பத்தில் ஒரு பங்கு மாற்றினால், புதுத் தண்ணீர் 5 டிகிரி குறைவாக இருந்தாலும் தொட்டி அரை டிகிரிதான் இறங்கும். பாதியை மாற்றுவதென்றால் கட்டாயம் சூடாக்குங்கள். ஹீட்டரை அணைத்துவிட்டுத் தண்ணீரை இறக்குங்கள். சூடான கண்ணாடி வெளியே தெரிந்தபின் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

கேள்வி: வெளியூர் போய் வந்தேன். தொட்டி மூன்று நாள் 31-இல் இருந்திருக்கிறது. பவளம் வெளுத்துவிட்டது. எல்லாம் போயிற்றா?

வெளுத்தது வேறு, செத்தது வேறு. பவளத்தின் சதைக்குள் குடியிருந்து வெளிச்சத்தில் அதற்கு உணவு சமைத்துக் கொடுக்கும் நுண்பாசிகள் சூட்டில் பழுதாகி, பவளத்துக்கே நஞ்சாகும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகின்றன. அதனால் பவளம் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், கண்ணாடி போன்ற சதை வழியாக வெள்ளை எலும்பு தெரிகிறது. ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள். பூ போல விரியும் குட்டி உடலான பாலிப் நீட்டுகிறதா, சதை மெல்லியதாகவாவது இருக்கிறதா? இருந்தால் உயிர் இருக்கிறது. எலும்பு வெறுமையாகி அதன் மேல் பச்சைப்பாசி படர்ந்த இடம் மட்டும்தான் போனது.

சூட்டை ஒரே மூச்சில் இறக்காதீர்கள், ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி போதும். வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள், ஏனென்றால் சூடும் வெளிச்சமும் சேர்ந்துதான் அந்தப் பாசியைக் கெடுத்தன. இடம் மாற்றாதீர்கள், புது மருந்து எதையும் ஊற்றாதீர்கள். சமைத்துப் போட ஆள் இல்லாத வீடு அது, அதனால் நீங்கள் ஊட்ட வேண்டும். விளக்கு அணைந்தபின் பொடியான மிதவை உணவைக் கொஞ்சமாக, வாரம் மூன்று முறை கொடுங்கள். நிறம் திரும்ப வாரங்கள் ஆகும், சிலவற்றுக்கு மாதங்கள். முதலில் வெளிறிய பழுப்புதான் வரும்.