அந்தப் பொம்மையைத் திருப்பிக் கொடுங்கள்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு நான்கு வயது, ஒரே பிள்ளை. பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை வேண்டாம் என்று கொடுத்த துணிப்பொம்மை ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பான். தோளில் போட்டுத் தட்டுவான், துண்டில் தூளி கட்டி ஆட்டுவான், சோறு ஊட்டுவான். சில சமயம் "ஏன் சாப்பிட மாட்டேங்கிற" என்று அடிக்கவும் செய்வான். என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஆம்பளப் பிள்ளைக்குப் பொம்மை எதுக்கு, நம்ம வழக்கத்துல உண்டா" என்று எடுத்து ஒளித்துவிட்டார். நான் ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் அழுதான், பிறகு மறந்துவிட்டான். குரங்குகளில்கூடப் பெண்குட்டிகள்தான் இப்படி விளையாடும், ஆராய்ச்சியே இருக்கிறது என்கிறார் ஒரு நண்பர். பொம்மை விளையாட்டு குழந்தைகளிடம் அக்கறையை வளர்க்கும் என்பது உண்மையா? ஆண்குழந்தைக்கும் பொருந்துமா? எந்த வயதோடு நிறுத்த வேண்டும்? எந்த மாதிரிப் பொம்மை நல்லது?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா பொம்மையை ஒளித்து வைத்தார், நான் கார் வாங்கிக் கொடுத்தேன் என்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பிள்ளை இரண்டு நாள் அழுதிருக்கிறான், அப்பா கடைக்குப் போய் வேறொன்றை வாங்கி வந்திருக்கிறார். "மறந்துவிட்டான்" என்று எவ்வளவு நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள்! நான்கு வயதுப் பிள்ளை தான் தூங்கவைத்து, சோறூட்டி வைத்திருந்த ஒன்றை இரண்டு நாளில் மறந்துவிடுமா? கேட்டாலும் கிடைக்காது என்று தெரிந்தபிறகு கேட்பதை விட்டிருப்பான்.

எந்த வயதோடு நிறுத்துவது என்ற கவலையை விடுங்கள், அவனே ஒருநாள் விட்டுவிடுவான். எந்தப் பொம்மை என்றும் யோசிக்க வேண்டாம், அந்தப் பழைய துணிப்பொம்மையே போதும்.

ஆராய்ச்சி இருக்கிறதா என்றால், இருக்கிறது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 4 முதல் 8 வயதுவரை உள்ள 33 குழந்தைகளை விளையாடவிட்டு, அப்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். 2020இல் வெளியான ஆய்வு. மற்றவர் மனதைப் புரிந்துகொள்ள நாம் பயன்படுத்தும் மூளைப்பகுதி, தனியாகப் பொம்மை வைத்து விளையாடும்போதும் சுறுசுறுப்பாக இருந்தது. தனியாக டேப்லெட்டில் விளையாடும்போது அந்த அளவுக்கு இல்லை. ஆண், பெண் என்று வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பார்பி பொம்மை செய்யும் மாட்டெல் நிறுவனம். அதற்காகப் பொய் என்று தள்ள மாட்டேன், அது ஒன்றையே நம்பி நிற்கவும் மாட்டேன். மூளையில் ஒரு பகுதி வேலை செய்தது என்பதும், பிள்ளை நாளை அன்பானவனாக வளர்வான் என்பதும் ஒன்றாகிவிடாது.

எனக்கு இதை யோசிக்க வேறு காரணம் இருக்கிறது. சமீபத்தில் அப்பாவுக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில், ஆண்கள் பொது வார்டில் இருந்தேன். அங்கே பகல் முழுக்க ஒரே காட்சிதான். வயதான தகப்பன் படுக்கையில், மகன் பக்கத்தில் ஸ்டூலில். கெட்ட மகன்கள் இல்லை. வேலைக்கு லீவு போட்டு, கடன் வாங்கி, ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தவர்கள். ஆனால் அப்பா படுக்கையை நனைத்துவிட்டால் எழுந்து வெளியே போய் வீட்டுக்குப் போன் போடுவார்கள். "சீக்கிரம் வா, துணி மாத்தணும்." மருமகளோ மகளோ இரண்டு பஸ் மாறி வரும்வரை அந்தக் கிழவர் ஈரத்திலேயே கிடப்பார். கஞ்சி ஊட்டச் சொன்னால் ஸ்பூன் பல்லில் இடிக்கும். முதல் வாயை விழுங்கினாரா என்று பார்க்காமல் அடுத்ததை நீட்டுவார்கள். அன்பு இருந்தது, கைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி. இருபது வயது இருக்கும். தாத்தாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பழைய விரிப்பைச் சுருட்டியபடியே புதியதை விரித்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுவிடுவான். ஊட்டும்போது தன் வாயும் சேர்ந்து திறக்கும். எங்கே கற்றாய் என்று கேட்டேன். "அம்மா செங்கல் சூளைக்குப் போயிடும், தங்கச்சிய நான்தான் பாத்துக்கிட்டேன்" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வார்டிலிருந்து வந்தபிறகு உங்கள் கடிதத்தைப் படித்ததால்தான் இவ்வளவு கோபம்.

முன்பெல்லாம் நம் வீடுகளில் பொம்மை இல்லாவிட்டாலும் குழந்தை இருந்தது. ஒன்று நடக்கும்போது அடுத்தது தவழும். ஏழு வயது அண்ணன் இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டே கோலி விளையாடுவான். தலை நிற்காத பிள்ளையை எப்படித் தாங்குவது, பால் குடித்ததும் ஏப்பம் வரத் தட்டுவது, பாட்டி காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டும்போது தண்ணீர் மொண்டு கொடுப்பது, எல்லாம் ஆண்பிள்ளையின் கண்ணிலும் கொஞ்சம் கையிலும் பட்டது. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் எண் இது. உங்கள் மகனைப் போல ஒற்றைப் பிள்ளையாக வளர்கிறவர்கள் ஏராளம். தனக்கென்று ஒன்று பிறக்கும்வரை ஒரு கைக்குழந்தையைத் தூக்கியே பார்க்காத தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. பிறந்த பிறகும் ஆண்பிள்ளைகள் "எனக்குப் பயமா இருக்கு, நீயே தூக்கு" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். பெண்பிள்ளைகளுக்கு ஒதுங்க வழி கிடையாது. தெரியாமலே செய்யவேண்டும், தெரியவில்லை என்றால் பேச்சும் கேட்கவேண்டும்.

தம்பிப் பாப்பா இல்லாத வீட்டில் பொம்மைதான் தம்பிப் பாப்பா. உங்கள் மகன் அதைத் தோளில் போட்டுத் தட்டியபோது என்ன செய்துகொண்டிருந்தான் என்று கவனித்தீர்களா? பொம்மைக்குப் பசிக்காது. பசிக்கிறது என்று அவன் முடிவு செய்கிறான். தூக்கம் வருகிறது, வயிறு வலிக்கிறது, இருட்டைக் கண்டு பயப்படுகிறது, எல்லாம் அவன் நினைத்துக்கொள்வதுதான். தனக்கு வெளியே ஒரு உயிருக்கு ஒரு தேவை இருக்கும் என்று ஊகித்து, அதற்கு ஏதாவது செய்து பார்க்கிறான். அதனால்தான் பேட்டரி போட்டு அழுகிற பொம்மை வேண்டாம் என்பேன். அது அழும்போது பட்டனை அமுக்கினால் நிற்கும். அவன் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. வாயே திறக்காத பொம்மையிடம்தான் பிள்ளை குனிந்து, "என்னடா வேணும்" என்று கேட்பான்.

அடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பொம்மையின் குற்றம் மாதிரி எழுதியிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "ஏன் சாப்பிட மாட்டேங்கிற" என்ற வாக்கியத்தை அவன் சொந்தமாக உண்டாக்கவில்லை. உங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் யாரோ அதை அதே குரலில் சொல்கிறார்கள். கை ஓங்கவும் செய்கிறார்களா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். பிள்ளைகள் சும்மாவும் அடித்துப் பார்ப்பார்கள், அதனால் உடனே யார்மீதும் பழி போடவில்லை. ஆனால் அவன் பொம்மையிடம் பேசுவதை ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள். பொம்மையைப் பிடுங்கினால் அந்தப் பேச்சு உங்கள் காதில் விழாது, அவ்வளவுதான். அவன் மனதில் அது இருக்கும்.

நண்பர் சொன்ன குரங்கு ஆராய்ச்சி உண்மைதான். உகாண்டாவில் கிபாலே காட்டுச் சிம்பன்சிகளைப் பற்றி 2010இல் வந்தது. இளம் சிம்பன்சிகள் குச்சிகளைக் குட்டிபோல ஏந்தித் திரிந்தன, பெண்கள் அதிகமாக, ஆண்கள் குறைவாக. 'குறைவாக' என்பதை உங்கள் நண்பர் 'இல்லை' என்று படித்திருக்கிறார். அதே காட்டில் 1990களில் ஆய்வாளர் ரிச்சர்ட் ராங்கம் பார்த்த ககாமா என்ற சிம்பன்சியைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். எட்டு வயது ஆண். தாய் கருவுற்றிருந்த நேரம். ஒரு சிறு மரக்கட்டையை முதுகிலும் இடுப்பிலும் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் போனான். உயரத்தில் கிளைகளை வளைத்துக் கூடு கட்டி, அதில் கட்டையைக் கிடத்தினான். சில மாதம் கழித்து இன்னொரு கட்டையோடு அவனைப் பார்த்த களப்பணியாளர்கள் அதை எடுத்துவந்து, 'ககாமாவின் விளையாட்டுக் குழந்தை' என்று சீட்டு எழுதிக் கட்டி வைத்தார்கள். காட்டில் அவன் கையிலிருந்து கட்டையைப் பிடுங்க ஒரு பாட்டி இல்லை.

"நம்ம வழக்கத்துல உண்டா" என்கிறார் உங்கள் அம்மா. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் பிள்ளைத்தமிழையே பாருங்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவத்தில் சிறுமிகள் மணலில் வீடு கட்டி, சோறு சமைத்து விளையாடுவார்கள். ஆண்குழந்தையிடம் அவர்கள் கேட்பதெல்லாம், காலால் எத்திக் கலைத்துவிடாதே என்பதுதான். அருமையான பாட்டுகள், எனக்கு உயிர். ஆனாலும் வீடு கட்டுகிற கூட்டத்தில் அவனுக்கு இடம் வைக்கவில்லையே என்று இப்போது படிக்கும்போது மனம் வலிக்கிறது. உங்கள் மகன் தானாகவே வந்து அந்த மணலில் உட்கார்ந்தான். நீங்கள் எழுப்பி அனுப்பிவிட்டீர்கள்.

இன்றைக்கே அந்தப் பொம்மையை எடுத்துக் கொடுங்கள். புதிதாக ஒன்று வேண்டாம், அதேதான் வேண்டும். பாட்டி ஒளித்தார் என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவன் தூளி கட்டும்போது முடிச்சு அவிழ்ந்தால் நீங்கள் உட்கார்ந்து கட்டிக் கொடுங்கள், அப்பா செய்கிறார் என்று அவன் பார்க்கட்டும். அப்புறம், இதை உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். மனைவியை முன்னால் தள்ளிவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா