கடனாளிக்காக வழக்காட வர விரும்புவோருக்கு: கேள்வி பதில்

யாழ்ப்பாண நீதிமன்றங்களில் பெரும்பாலும் கடன் வழக்குகளையே நடத்தும் சட்டத்தரணி என்பதால், இத்தொழிலைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கொக்குவில் மாணவி: ஐயா, நான் உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கிறேன். அமெரிக்காவில் வங்குரோத்து வழக்குகளை மட்டுமே நடத்தும் சட்டத்தரணிகள் இருக்கிறார்களாம். இங்கும் அப்படி வரமுடியுமா?

அந்தப் பெயர்ப்பலகையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம், பிள்ளை. அங்கே கடனாளி தானாகவே வங்குரோத்துச் சட்டத்தின் 7ஆம் அல்லது 13ஆம் அத்தியாயத்தின் கீழ் மனுச்செய்து கடனிலிருந்து விடுதலை கேட்கலாம் என்பதால் அதுவே தனித்தொழிலாக வளர்ந்தது. எங்களிடமும் வங்குரோத்து பற்றிய 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் சாதாரண குடும்பங்கள் அதை நாடுவது மிக அரிது. இங்கே உங்களுக்குரிய வேலை வங்கி வழக்கிலும், ஈட்டு (அடமான) வழக்கிலும், கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் புரோநோட்டு வழக்கிலுமே இருக்கிறது. வர்த்தகத்தை விட்டுவிடாதீர்கள். வட்டிக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும் சட்டத்தரணிக்கு இங்கே எப்போதும் தேவை உண்டு.

மானிப்பாயிலிருந்து ஒரு தந்தை: மகனைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்புவதா, பல்கலைக்கழகத்துக்கா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டமாணி முடித்தாலும், 1874இல் தொடங்கிய கொழும்புச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை எழுதி, பயிற்சிக் காலத்தை முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தே ஆகவேண்டும். ஆகவே எது கிடைக்கிறதோ அதில் சேரட்டும். காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசுத் தகுதியையும் கட்டாயம் பெறட்டும். ஈட்டு உறுதியை எழுதிப் பழகியவருக்கே அதிலுள்ள குறை கண்ணில் படும்.

புதிதாகப் பிரமாணம் செய்த சட்டத்தரணி: நான் வங்கித் தரப்பு சீனியரிடம் சேருவதா, கடனாளி தரப்பில் நிற்பதா?

முதலில் வங்கித் தரப்பில் சில ஆண்டுகள் இருங்கள். இதைச் சிலர் விரும்பமாட்டார்கள், ஆனாலும் என் முடிவு அதுதான். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால், கடனாளியின் கைக்கு வருவது வெறும் அழைப்பாணை அன்று, நிபந்தனையோடு கூடிய தீர்ப்பாணை. குறித்த திகதிக்கு முன் மனுவும் சத்தியக்கடதாசியும் இட்டு, எதிர்வாதம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறாவிட்டால் அதுவே முடிந்த தீர்ப்பாகிவிடும். அந்த ஆவணங்களை வங்கிக்காகத் தயாரித்துப் பழகியவர், பின்னர் கடனாளிக்காக அவற்றைப் படிக்கும்போது எந்த வரியில் விரலை வைப்பது என்பதை அறிவார். அதே ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தையும் படியுங்கள். அதன்படி ஈடு வைத்த சொத்தை வழக்கின்றியே வங்கியின் பணிப்பாளர் சபை ஏலத்தில் விற்கலாம்.

கூடவே யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும் தெரிந்திருக்க வேண்டும். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, மனைவி தன் சீதனக் காணியைக் கையாளக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் பொதுவாகத் தேவை. காணி மனைவியின் பெயரில் இருந்தால், ஈட்டு உறுதியின் கடைசிப் பக்கத்தில் கணவனின் கையொப்பம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு சட்ட மாணவர்: அம்மா 7 ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். இடையில் ஒன்றும் கட்டவில்லை. இப்போது கடன் கொடுத்தவர் “சும்மா ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ” என்கிறார்.

தம்பி, அம்மாவை எதிலும் கையொப்பமிட விடவேண்டாம். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி புரோநோட்டுக் கடனுக்கு 6 ஆண்டு, எழுதாத கடனுக்கு 3 ஆண்டு, ஈட்டுக்கு 10 ஆண்டு. கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ காலம் புதிதாக ஓடத் தொடங்கும். அவர் கேட்கும் கடிதம் அதற்காகத்தான். நோட்டை உடனே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

நல்லூர் வாசகர்: ரொறன்ரோவில் உள்ள தம்பி வங்குரோத்துப் பதிவு செய்ய இங்கிருந்து உதவலாமா?

இயலாது. கனடாவில் தனிநபர் வங்குரோத்தைப் பதிவு செய்ய அரசின் உரிமம் பெற்ற நம்பிக்கைப் பொறுப்பாளரிடமே போகவேண்டும். அவர் சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை.

சாவகச்சேரியிலிருந்து: கடனாளியிடம் காசு இல்லையே, ஐயா. இதில் எப்படிப் பிழைப்பது?

உறுதி எழுதும் வருமானம் வீட்டைப் பார்க்கும். வழக்குக் கட்டணத்தைத் தவணையாகப் பெறுங்கள். நுண்கடனில் சிக்கி, அதுவும் கொடுக்க இயலாமல் வரும் பெண்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். அனுப்புமுன் அவர்களின் கடன் புத்தகத்தைப் பிரதி எடுத்து, கட்டிய ஒவ்வொரு தவணையையும் திகதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அங்குள்ள சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.