பிளஸ் டூ முடித்த பையனும் மாடி அறை மீன் தொட்டிகளும்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பையன், கல்லூரி வேண்டாம், மாடி அறையில் மீன் வளர்த்து விற்கிறேன் என்கிறான் என்று கவலைப்படுகிறீர்கள். பெரம்பூரில் இருந்துகொண்டு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பக்கத்திலேயே வண்ணமீன் சந்தை இருக்கும் கொளத்தூர். ஆனால் அங்கே மொத்தமாக வாங்கி வீட்டில் வைத்து விற்பது வேலைக்கு ஆகாது. வாங்குகிறவர் நேராக அங்கேயே போய்விடுவார். சொந்தமாகக் குஞ்சு எடுத்து, கடைகளுக்குக் கொடுக்கிற அறையாக இருந்தால் சரி.

முதலில் தளத்தைப் பாருங்கள். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே சுமார் 190 கிலோ. பத்துத் தொட்டி என்றால் கிட்டத்தட்ட 2 டன். மேஸ்திரி சொன்னார் என்று இறங்காதீர்கள், பொறியாளரிடம் கேளுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும்.

அப்புறம் தண்ணீர். பையன்கள் தோற்பது இங்கேதான். போர் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் கப்பி, மோலி மாதிரி மீன்கள் தாங்கும். டிஸ்கஸ் மீன் குஞ்சு எடுக்க அது ஆகாது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்க வேண்டும். அதைவிட முக்கியம், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. அதை மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீனைக் கொட்டினால் செத்து மிதக்கும். கப்பி மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும்தான். ஆனால் குட்டி விற்கிற அளவுக்கு வளர ஏறக்குறைய 3 மாதம். ஆக முதல் அரை வருடம் இதை வருமானம் என்று நம்ப வேண்டாம்.

கல்லூரியை ஏன் விட வேண்டும்? பொன்னேரியிலேயே அரசு மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள இளநிலைப் பட்டம், 4 வருடப் படிப்பு. நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். மீன் நோய், தீவனம், இனப்பெருக்கம் எல்லாம் பாடமாகவே வரும். அறையையும் படிப்பையும் எதிரெதிராக நிறுத்தியது அவன்தான், நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள்.

2020-இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லை வண்ணமீன் அலகுக்கு 3 லட்சம் செலவு என்று வைத்து, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. உங்கள் பெயரில் போட்டால் லாபம். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கல்லூரிச் சேர்க்கைக்கான தரவரிசைப் பட்டியல் வரும்வரை இரண்டே தொட்டி வைக்கட்டும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வாங்கிக் கொடுங்கள்.