நத்தாருக்கு முன் வேதத்தில் எதை வாசிப்பது? சில கேள்விகள், பதில்கள்

நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிறு கொண்ட திருவருகைக் காலம் தொடங்கினால் மறைக்கல்வி வகுப்புக்கு வெளியிலிருந்தும் எனக்குக் கேள்விகள் வரும். இம்முறை வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

ரீச்சர், அவர் போய் நாலு மாதம். பிள்ளைகள் குடில் கட்டக் கேட்கிறார்கள். எனக்கு வேதத்தைத் திறக்கவே மனமில்லை. (குருநகர்)

தங்கச்சி, சந்தோசமான பகுதியாகத் தேட வேண்டாம். திருப்பாடல் 130ஐ எடுங்கள். எட்டே வசனம். இறந்தோருக்காகத் திருச்சபை காலங்காலமாகச் சொல்லிவரும் பாடல் அது. ஆழத்திலிருந்து கூப்பிடுவதாகத் தொடங்கும். நடுவில் விடியலுக்குக் காத்திருக்கும் காவற்காரன் வருவான். அந்த வரியை மட்டும் இரண்டு தரம் சொல்லியிருக்கும். எழுதியவருக்கும் அன்று விடியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கடலுக்குப் போன வள்ளத்தைப் பார்த்துக் கரையில் நின்ற உங்களுக்கு அந்தக் காவற்காரனை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. குடிலைப் பிள்ளைகள் கட்டட்டும். நீங்கள் வைக்கலை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

எங்கள் வேதாகமத்தில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. கத்தோலிக்க நண்பனுடையதில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. எது சரி? (உடுவில்)

இரண்டும் சரி தம்பி. 1 கொரிந்தியர் 13:13தான், சொல் மட்டும் இடம் மாறி நிற்கிறது. நீங்கள் நம்பிக்கை என்பதை 1995இல் வந்த திருவிவிலியம் எதிர்நோக்கு என்கிறது. முதலில் எனக்கு அந்தச் சொல் வாயில் ஒட்டவில்லை. இப்போது பிடித்திருக்கிறது, ஒரு பக்கம் முகத்தைத் திருப்பி நிற்பது அதில் தெரிகிறது. எபிரேயத்தில் இன்னும் வடிவு: 'திக்வா' என்றால் எதிர்நோக்கு, கயிறும் அதுதான். எரிகோவில் இராகாபு சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கு யோசுவா நூல் வைத்திருக்கும் சொல்லும் அதுவே. மதில் விழப்போகிற ஊரில், தான் ஒளித்துக் காப்பாற்றிய இஸ்ரயேல் ஒற்றர்கள் சொன்னபடி வருவார்கள் என்று கயிற்றைக் கட்டிவிட்டு இருந்தாள். அவள் பெயர் மத்தேயு முதல் அதிகாரத்தில், இயேசுவின் தலைமுறை அட்டவணையில் இருக்கிறது. நாமெல்லாம் வாசிக்காமல் பாய்ந்து கடக்கிற பக்கம்!

மூன்றாம் ஞாயிறுக்கு ரோசா நிற மெழுகுதிரி கிடைக்கவில்லை. வெள்ளை ஏற்றலாமா?

ஏற்றுங்கள்.

ஏரோது அரசன் குழந்தைகளைக் கொன்ற பகுதியைச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கலாமா? நத்தார் நாடகத்தில் அதை வெட்டிவிடுகிறோம். (மானிப்பாய்)

வெட்டாதீர்கள் என்பேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்த சனத்தில் நானும் ஒருத்தி. அந்த நத்தாருக்குச் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பம். வாங்குகளை அடுக்கிவிட்டு, மழை ஒழுகாத மூலையில் இருந்து மத்தேயு 2 வாசித்தோம். யோசேப்பு பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவிலேயே எகிப்துக்குப் புறப்பட்டார் என்று வந்ததும் ஒரு பொடியன் கேட்டான்: "யோசேப்பு சைக்கிளைக் கொண்டு போனவரோ?" எல்லாரும் சிரித்தோம். வீட்டை விட்டுவந்த பிறகு அங்கே கேட்ட முதல் சிரிப்பு அது. இம்மானுவேல், அதாவது கடவுள் நம்மோடு, என்ற இயேசுவின் பெயரை நட்சத்திரத்தையும் இடையரையும் வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இரவில் ஓடியதைச் சொல்லாவிட்டால் அந்தப் பெயர் பாதிதான் விளங்கும். கொலையை விரிக்கத் தேவையில்லை. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுதாள், ஆறுதல் பெற மறுத்தாள் என்று மத்தேயு சொல்லும் அளவு போதும்.

பலகாரச் சூட்டுக்குள் ஒழுங்காக வாசிக்க நேரம் எங்கே?

லூக்காவில் 24 அதிகாரம். டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒன்று, 24ஆம் திகதி முடியும். முதல் அதிகாரம் 80 வசனம், அன்றைக்குப் பயத்தம் பணியாரம் வேண்டாம்.

மருமகள் சைவம். அவளையும் வாசிக்கச் சொல்லலாமா, தங்கச்சி? (அளவெட்டி)

வற்புறுத்தாதீர்கள் அக்கா. அவள் கேட்டால் ரூத்து நூலைக் கொடுங்கள். நாலே அதிகாரம், வேறு இனத்திலிருந்து வந்த மருமகளின் கதை, பெரும்பகுதி பெத்லகேமில் நடக்கிறது. பேர்சிவல் பாதிரியார் வேதத்தைத் தமிழாக்கியபோது துணைநின்றவர் ஆறுமுக நாவலர். வேதத்தைக் கையில் எடுத்து அவர் சைவத்தை விட்டுவிடவில்லை, அதையும் அவளுக்குச் சொல்லலாம். ஆனால் முதலில் நீங்கள் வாசியுங்கள். அதில் ஒரு மாமியாரும் இருக்கிறார்.